பில் டெய்லர் என்ற லண்டன் பைப் கைவினைஞர்: முத்திரையில் யார் பெயர், உழைப்பில் யார் கை?

பிரிவு: கைத்தொழில்கள் › மரவேலையும் கடைசலும்

#1 — கடைசல்காரன்

இந்தப் பிரிவில் கட்டில் கால், பம்பரம், தேக்குத் தூண், சன்னபட்ணா பொம்மை என்று கடைசல் வேலை பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். புகையிலை பைப்பை மட்டும் யாரும் தொடவில்லை. நான் புகைப்பவன் அல்லன். ஆனால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு மரத்துண்டில் இவ்வளவு நுட்பத்தைத் திணித்த தொழில் வேறு உண்டா என்று சந்தேகமாக இருக்கிறது. அதனால் இந்த இழை.

நான் பேச விரும்புகிறவர் வில்லியம் ஆஷ்டன் டெய்லர். தொழிலில் எல்லோருக்கும் பில். பள்ளியை விட்டதும் பதினைந்து வயதில் லண்டனின் பேர்போன டன்ஹில் நிறுவனத்தின் பைப் தொழிற்சாலையில் சேர்ந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்து வேலையின் எல்லாப் படிகளையும் கற்றார். 1983ஆம் ஆண்டு அங்கிருந்து விலகி, அமெரிக்க இறக்குமதியாளர் டேவிட் ஃபீல்டின் துணையோடு ‘ஆஷ்டன்’ என்ற பெயரில் சொந்தமாகப் பைப் செய்யத் தொடங்கினார். 2009இல் காலமானார். அவரோடு வேலை பார்த்த ஜிம்மி கிரெய்க் அதே பெயரில் தொழிலைத் தொடர்ந்தார்.

கதை இவ்வளவுதான் என்றால் இழை தேவையில்லை. என்னை உறுத்துவது வேறு. டன்ஹில்லில் இருந்த காலத்தில் அவர் கைபட்டு வெளியே போன பைப்புகள் எத்தனையோ. அவற்றின் வாய்த்துண்டில் டன்ஹில்லின் அடையாளமான வெள்ளைப் புள்ளி இருக்கிறது, தண்டில் டன்ஹில் முத்திரை இருக்கிறது. எது டெய்லர் செய்தது என்று இன்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. ஏலத்தில் அந்தப் பைப்பை வாங்குகிறவர் ‘இது டன்ஹில் செய்தது’ என்கிறார். நிறுவனத்தைத் தொடங்கிய ஆல்ஃபிரட் டன்ஹில் 1928லேயே பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றவர், 1959இல் இறந்தவர். பிறகு எந்த டன்ஹில் செய்தார்?

#2 — குமரித்துறைவன்

கடைசலைப் பற்றிப் பேச உலகத்தில் வேறு பொருளே கிடைக்கவில்லையா? வாய்ப்புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறவன் நான். பைப் பிடித்தால் சிகரெட் அளவுக்கு ஆபத்து இல்லை என்று நம்பி வந்தவர்களின் உதட்டையும் நாக்கையும் பார்த்தவன். இதை அழகுப் பொருளாக்கி எழுதுவது எனக்கு உவப்பாக இல்லை.

#3 — கடைசல்காரன்

ஐயா, நீங்கள் சொல்வதில் ஓர் எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன். இந்த இழையைப் படித்து யாராவது பைப் பிடிக்கத் தொடங்கினால் அவர்களை உங்களிடமே அனுப்பி வைக்கிறேன், நன்றாகத் திட்டுங்கள். ஆனால் வாளைப் பற்றிப் பேசுகிறோம், பீரங்கி வார்ப்பைப் பற்றிப் பேசுகிறோம். பொருள் கெடுதல் என்பதற்காக அதைச் செய்தவனின் கைத்திறன் பேசக்கூடாததாகிவிடாது.

#4 — லண்டன் அகிலன்

நல்ல இழை அண்ணா. நான் இருப்பது லண்டனின் வடகிழக்கில், வால்தம்ஸ்டோவில். டன்ஹில் பைப் செய்யும் இடம் பிற்காலத்தில் இங்கேதான் வந்தது. வெளியே இருந்து பார்த்தால் மற்றத் தொழிற்பேட்டைக் கட்டடங்களுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. செல்வர்கள் புழங்கும் மேஃபேர் பகுதியின் கடைக் கண்ணாடிக்குள் பட்டுத்துணி மேல் வைத்திருக்கும் பொருள் இங்கே மரத்தூளுக்குள் பிறந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆல்ஃபிரட் டன்ஹில்லை வெறும் பெயர்ப்பலகை ஆக்கிவிடாதீர்கள். அவர் குதிரைச் சேணம் செய்யும் குடும்பத்தில் 1872இல் பிறந்தவர். 1893இல் அப்பாவின் தொழிலை ஏற்றார். மோட்டார் கார் வந்ததும் சேணத்துக்கு எதிர்காலம் இல்லை என்று மற்றவர்களுக்கு முன்பே புரிந்துகொண்டு கார் ஓட்டிகளுக்கான கோட்டு, கண்ணாடி, விளக்கு, ஹாரன் எல்லாம் விற்கத் தொடங்கினார். அந்தக் காலத்துக் காருக்கு முன்கண்ணாடி கிடையாது, ஓட்டும்போது பைப் அணைந்துவிடும். அதற்காகப் புகையிலை வைக்கும் கிண்ணத்தின் முன்பக்க விளிம்பை உயர்த்தி ஒரு காற்றுத்தடுப்பு பைப்பை 1904இல் கொண்டுவந்தார். அவர் பைப் உலகத்துக்குள் வந்த வாசல் அதுதான். 1907இல் ட்யூக் தெருவில் புகையிலைக் கடை, 1910இல் பைப் பட்டறை.

#5 — சாந்தா விசுவநாதன்

அகிலன் தம்பி, நீங்கள் எழுதியதே கடைசல்காரன் சொல்வதற்குச் சாட்சி. சேணக்கடை முதலாளி, கார் உதிரிப்பொருள் வியாபாரி, புகையிலைக் கடைக்காரர். இதில் லேத் முன்னால் நின்றவர் எங்கே இருக்கிறார்?

1910இல் பட்டறை தொடங்கியபோது அவர் செய்தது என்ன? சாரட்டன் என்ற பழைய லண்டன் பைப் நிறுவனத்தில் வேலை பார்த்த தேர்ந்த கைகளை அழைத்து வந்தார். அவர்களில் ஒருவர் ஜோயல் சசியேனி. ஆரம்ப ஆண்டுகளில் பல கிண்ணங்கள் பிரான்ஸின் செயின்ட் கிளோட் ஊரிலிருந்து கடைந்தே வந்தன. லண்டனில் அவற்றுக்கு வாய்த்துண்டு பொருத்தி, சாயமேற்றி, மெருகிட்டார்கள். ஆக, கடைந்தவன் பிரெஞ்சுக்காரன், பொருத்தியவன் சாரட்டனில் பழகியவன், பெயர் டன்ஹில்லுடையது.

சசியேனி 1919இல் வெளியேறித் தன் பெயரிலேயே தொழில் தொடங்கினார். பில் டெய்லர் 1983இல் செய்ததை அவர் அறுபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார். அவரும் வாய்த்துண்டில் புள்ளி வைத்தார், நீலப் புள்ளி ஒன்று. டன்ஹில் தரப்புக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் நான்கு சிறு புள்ளிகளை வைர வடிவில் வைத்தார். இன்று சேகரிப்பாளர்கள் ‘நாற்புள்ளி சசியேனி’ என்று தேடி அலைவது அதைத்தான். வடிவங்களுக்கு எண் கொடுக்காமல் இங்கிலாந்து ஊர்களின் பெயரை வைத்ததும் அவர்தான். எண்ணைவிட ஊர்ப்பெயர் நினைவில் நிற்கும் என்ற வியாபார புத்தி அவருக்கும் இருந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

#6 — நெடுஞ்செழியன் ம.

சாந்தா அக்காவின் கணக்கு ஒருபக்கமாகச் சாய்கிறது.

கைவினை என்பது உளி பிடிப்பது மட்டும்தான் என்றால் டன்ஹில் கைவினைஞர் அல்லர், சரி. ஆனால் அன்று சந்தையில் இருந்த பைப் எப்படி இருந்தது என்று பாருங்கள். பைப் கடைய எடுக்கும் வேர்முண்டில் சிறு குழி இருந்தால் மக்கு வைத்து அடைத்து, மேலே தடிமனாக வார்னிஷ் பூசிப் பளபளவென்று விற்பார்கள். சூடானதும் வார்னிஷ் கொப்புளிக்கும், மக்கு உதிரும். டன்ஹில் அந்த வழியில் போகவில்லை. மக்கு வைத்த கிண்ணம் தன் பெயரில் வெளியே போகக்கூடாது என்று பிடிவாதம் பிடித்து, அதற்கு மற்றவர்களைவிடப் பெரிய விலையும் வைத்தார். விலை அதிகம் கொடுத்து வாங்க ஆள் வந்ததால்தான் அங்கே இருந்த கைகளுக்கு நிதானமாக வேலை செய்ய நேரம் கிடைத்தது. முதலாளி அவசரப்படுத்தினால் எந்த ஆசாரியாலும் நல்ல வேலை தர முடியாது. இதை இந்தப் பிரிவில் நான் விளக்க வேண்டியதில்லை.

வெள்ளைப் புள்ளியும் முதலில் பகட்டுக்காக வந்ததில்லை. வாய்த்துண்டைக் கையால் அரம்போட்டு வடித்தபோது மேல்பக்கம் எது கீழ்ப்பக்கம் எது என்று வாங்குகிறவருக்குக் குழப்பம் வந்தது. கழற்றித் துடைத்துவிட்டுத் திருப்பிப் போட்டால் பொருத்தம் பிசகும். மேல்பக்கத்தைக் காட்ட ஒரு வெள்ளைப் பொட்டு வைத்தார்கள். பிறகுதான் அது உலகமறிந்த அடையாளமானது.

பிறகு மணல் வீச்சு. 1917இல் ‘ஷெல்’ என்ற பெயரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அதுவரை பைப் என்றாலே வழவழப்புத்தான். மரத்தின் மேல் மணலைப் பீய்ச்சி மென்பகுதியை அரித்தெடுத்து, வன்பகுதியை மட்டும் வரிவரியாக நிற்கவிட்டு, ‘இதுதான் அழகு’ என்று விற்கத் துணிச்சல் வேண்டும். பாதி முடிந்த கிண்ணம் ஒன்று கொதிகலன் பக்கத்தில் கிடந்து வறண்டு வரிகள் எழும்பியதைப் பார்த்தே அந்த யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதையை விடுங்கள். வழவழப்பில் மறைக்க முடியாத சிறு மேற்பரப்புக் குறை உள்ள கிண்ணங்களுக்கும் இதனால் ஒரு வாழ்வு கிடைத்தது.

#7 — தச்சன்விளை

என்னுடைய தகப்பனார் தச்சர், நானும் அந்த வேலைதான். பைப் பற்றி ஒன்றும் தெரியாது, மரம் பற்றித் தெரியும். எனக்கு மூன்று சந்தேகம். முதலாவது, நெருப்பு வைக்கிற பாத்திரத்தை மரத்தில் செய்தால் எரியாதா? இரண்டாவது, புகைத்துளையை வளைந்த தண்டுக்குள் எப்படித் துளைக்கிறார்கள்? மூன்றாவது, பில் டெய்லர் எண்ணெயில் ஊறவைப்பார் என்று எங்கோ படித்தேன். எண்ணெய் ஏறிய மரத்தில் சாயம் பிடிக்காது, பசை பிடிக்காது. அதை ஏன் செய்கிறார்?

#8 — கடைசல்காரன்

இந்தக் கேள்விகளுக்காகத்தான் காத்திருந்தேன்.

மரம் பிரையர். மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் எரிகா ஆர்போரியா என்ற புதர். கிளையோ தண்டோ அல்ல, வேருக்கும் தண்டுக்கும் நடுவில் மண்ணுக்குள் உருளும் முண்டுதான் பயன்படும். அல்ஜீரியா, கோர்சிகா, இத்தாலியின் கலாப்ரியா, கிரீஸ் என்று பல இடங்களிலிருந்து வரும். காய்ந்த பாறை நிலத்தில் காட்டுத்தீயையும் வறட்சியையும் தாங்க வளர்ந்த கட்டை என்பதால் அடர்த்தி அதிகம், சூட்டைத் தாங்கும், ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். தோண்டியதும் காயவிட்டால் பிளந்துவிடும். அதனால் ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்து, அறுத்து, பெரிய செம்பு அண்டாக்களில் பல மணி நேரம் வேகவைப்பார்கள். உள்ளேயிருக்கும் சாறும் துவர்ப்பும் இறங்கும். பிறகு மாதக்கணக்கில், சில பட்டறைகளில் ஆண்டுக்கணக்கில் நிழலில் உலர்த்தல். பார்லிங் என்ற பழைய லண்டன் குடும்பம் மரத்தைப் பொறுமையாக உலர்த்துவதில் பேர்போனது. அவர்கள் 1812 முதல் வெள்ளி வேலை செய்தவர்கள்.

துளை விஷயம். வளைந்த பைப்பிலும் மரத்துக்குள் போகும் துளை நேர்க்கோடுதான். கிண்ணமும் தண்டும் எந்தக் கோணத்தில் சந்திக்க வேண்டும் என்று கட்டையை அறுக்கும்போதே தீர்மானித்துவிடுவார்கள். வளைவு பெரும்பாலும் வாய்த்துண்டில் வரும். வாய்த்துண்டுக்கான கடின ரப்பரான எபோனைட்டைச் சூடாக்கினால் இளகும், வளைத்து ஆறவிட்டால் அப்படியே நிற்கும். தொழிலாளியின் கையைப் பார்க்க வேண்டுமானால் கிண்ணத்துக்குள் விளக்கடித்துப் பாருங்கள். துளை சரியாக அடிமட்டத்தில், நட்டநடுவில் திறக்க வேண்டும். சற்று மேலே திறந்தால் அடியில் புகையிலை எரியாமல் ஈரமாகத் தங்கும். சற்று இடமாகவோ வலமாகவோ போனால் ஒருபக்கச் சுவர் மட்டும் கருகும். என் கையில் இருக்கும் ஆஷ்டன் பைப்பில் அடித்தளம் கிண்ணக் கரண்டியின் உட்புறம் போல வழுவழுவென்று வளைந்து அந்தத் துளையில் போய் முடிகிறது, ஒரு பிசிறு இல்லை. மணல் வீசிய மேற்பரப்பை விரலால் தடவினால் வளர்ச்சி வளையங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தட்டுப்படுகின்றன. இந்த மேற்பரப்புக்கு ஆஷ்டனில் ‘பெபிள் கிரெயின்’ என்று பெயர். வழவழப்பாக முடித்ததற்கு ‘சாவரின்’ என்று பெயர்.

எண்ணெய்க்கு வருகிறேன். கடைந்த கிண்ணங்களை எண்ணெயில் நாள்கணக்கில் ஊறவிட்டு, பிறகு முளைகளின்மேல் கவிழ்த்துச் சூடேற்றுவார்கள். உள்ளே போன எண்ணெய் மரத்துளைகளில் மிச்சமிருக்கும் சாற்றையும் இழுத்துக்கொண்டு வெளியே வியர்க்கும். வியர்க்க வியர்க்கத் துடைக்க வேண்டும். மறந்துவிட்டால் மேலே பிசினாக இறுகிவிடும். டன்ஹில் இதற்கு முதல் உலகப்போர்க் காலத்தையொட்டிக் காப்புரிமை வாங்கியது. டெய்லர் அங்கே கற்ற வித்தையைத் தன் பட்டறைக்குக் கொண்டுபோனார். ஊறி, வெந்து, வியர்த்து முடிந்த மரம் இறுகிப்போகும், எடையும் குறையும். எண்ணெய் முழுதும் வெளியேறிய பிறகே சாயம். அதனால் உங்கள் கேள்வியில் இருக்கும் சிக்கல் வராது. புது ஆஷ்டன் பைப்பில் முதலில் கொஞ்ச நாள் எண்ணெய் வாடை சுவையில் தெரியும் என்று புகைப்பவர்கள் குறை சொல்வதுண்டு. டெய்லர் அதற்காக முறையை விட்டுக்கொடுக்கவில்லை.

#9 — தச்சன்விளை

தெளிவாகிவிட்டது. மரம் இறுகுகிறது என்பது ஒப்புக்கொள்ளக்கூடியதுதான், எங்கள் பக்கம் வண்டி அச்சையே எண்ணெயில் போடுவார்கள். சுவை மாறும் என்பதை மட்டும் நான் நம்பவில்லை. அது விற்கிறவர் பேச்சு.

#10 — நெடுஞ்செழியன் ம.

அதில் ஊர் இரண்டுபட்டுத்தான் கிடக்கிறது தச்சரே. எண்ணெய் முறைதான் எல்லாம் என்பவர்கள் ஒருபக்கம், நன்றாக உலர்ந்த கட்டையும் சரியான துளையும் இருந்தால் போதும் என்பவர்கள் மறுபக்கம். நான் இரண்டாவது கட்சி.

#11 — பரிதி

‘இங்கிலாந்து பைப்’, ‘ஆங்கிலேயர் நேர்த்தி’ என்று கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். மேலே வந்த பெயர்களை எடுங்கள். பிரெடரிக் சாரட்டன் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூதர், லண்டனில் 1863இல் கடை போட்டார். ஹென்றி கொமோய் பிரான்ஸின் செயின்ட் கிளோட்டைச் சேர்ந்தவர், 1879இல் லண்டன் வந்தார். லோவே என்ற பழைய கடையைத் தொடங்கியவரும் பிரான்ஸிலிருந்து வந்தவர். மரம் மத்தியதரைக் கடலோரத்திலிருந்து, வாய்த்துண்டு ரப்பர் வெப்பநாட்டிலிருந்து, புகையிலை அமெரிக்காவிலிருந்தும் துருக்கியிலிருந்தும். இங்கிலாந்தில் விளைந்தது அந்தக் கடைத்தெரு முகவரி மட்டும்தான்.

#12 — லண்டன் அகிலன்

பரிதி, முகவரி மட்டும் என்று சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் சொந்தச் சரக்கு வேண்டுமென்றால் களிமண் பைப்பைப் பாருங்கள். பைப் செய்பவர்களின் சங்கத்துக்கு அரசர் முதலாம் ஜேம்ஸ் 1619லேயே சாசனம் கொடுத்தார். புகையிலையை வெறுத்து எழுதிய அதே அரசர்தான்! ஷ்ராப்ஷயரில் பிரோஸ்லி என்ற சிற்றூர் நீண்ட வெள்ளைக் களிமண் பைப்புகளுக்கே பெயர் வாங்கியது. ஆண்கள் அச்சில் அழுத்துவார்கள், பெண்கள் பிசிறு வழித்து முடிப்பார்கள். அவர்கள் பட்டறை ஒன்று பூட்டியது பூட்டியபடி கிடந்து இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்தத் தொழிலைத்தான் பிரையர் வந்து சாய்த்தது. தேம்ஸ் கரையில் நீர் வடிந்த நேரம் நடந்தால் உடைந்த களிமண் தண்டுகள் இன்றும் காலில் இடறும்.

அதுபோக, சாரட்டனும் கொமோயும் எங்கே பிறந்தாலும் அவர்களிடம் வேலை பழகியது லண்டன் கிழக்குப் பகுதிப் பையன்கள். தொழில் யார் கையில் தங்கியதோ அவர்களுக்குத்தான் அது சொந்தம். இங்கே நாங்கள் வைத்திருக்கும் கடைகளைப் பற்றி யாராவது நாளைக்கு இதே கேள்வியைக் கேட்டால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

#13 — சாந்தா விசுவநாதன்

பரிதிக்கும் அகிலனுக்கும் ஒரே பதில். வந்தேறியோ உள்ளூரோ, சாரட்டன், கொமோய், சசியேனி மூவரும் தங்கள் பெயரைத் தாங்களே முத்திரையில் போட்டுக்கொண்டவர்கள். கூலிக்கு லேத் முன்னால் நின்றவர்கள் எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் பெயர் இல்லாமலே போனார்கள். கடைசல்காரன் கேட்டதும் அதைத்தான்.

டெய்லர் விலகிய ஆண்டைக் கவனியுங்கள். பார்லிங் குடும்பம் 1960களின் தொடக்கத்தில் கைமாறியது. சாரட்டன் 1970களில் டன்ஹில்லின் கைக்கே வந்து சேர்ந்தது. முதல் ஆட்களைக் கொடுத்த நிறுவனத்தையே கடைசியில் விழுங்கினார்கள். சசியேனி குடும்பமும் 1979இல் விற்றுவிட்டது. பைப் பிடிப்பதையே தன் சின்னமாக வைத்திருந்த ஹரால்டு வில்சன் பிரிட்டிஷ் பிரதமர் பதவியை விட்டுப் போயிருந்தார். அவர்கூட வீட்டுக்குள் சுருட்டுப் பிடிப்பார் என்பது வேறு கதை. ஆண்டுதோறும் ஒரு பிரமுகரைத் தேர்ந்தெடுத்து ‘சிறந்த பைப் புகைப்பாளர்’ பட்டம் கொடுக்கும் வழக்கம்கூடப் பின்னால் நின்றுபோனது. இப்படி எல்லாரும் கடையைக் கட்டும் நேரத்தில், கைநிறையத் தொழிலும் நிலையான சம்பளமும் இருந்த ஒருவர் எழுந்து தன் பெயரில் பட்டறை போட்டிருக்கிறார். எனக்கு அது டன்ஹில்லின் காப்புரிமை எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

#14 — நெடுஞ்செழியன் ம.

பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் தன் பெயரில் விற்க முடிந்ததற்குக் காரணம் ‘டன்ஹில்லில் இருந்தவர்’ என்ற அடையாளம். அமெரிக்க வாடிக்கையாளர் முதலில் வாங்கியது அந்த அடையாளத்தைத்தான். லெஸ் வுட்டை எடுங்கள். டன்ஹில்லில் வெள்ளிப் பூண் வேலை செய்து, பிறகு மனைவியோடு சேர்ந்து ‘பெர்ன்டவுன்’ பைப்புகளைச் செய்தவர். அவரைப் பற்றி எழுதுகிற யாரும் டன்ஹில் பெயரைச் சொல்லாமல் தொடங்குவதில்லை. ஆக, பெயரில்லாமல் உழைத்த அந்த ஆண்டுகள் வீணாகவில்லை. மூலதனமாக மாறின.

#15 — கடைசல்காரன்

மூலதனமாக மாறியது விலகிப்போன இரண்டு மூன்று பேருக்கு. பக்கத்து லேத்தில் நின்று ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தவருக்கு என்ன மாறியது? தொழிற்சாலை முறையில் ஒருவர் கிண்ணம் கடைவார், ஒருவர் வாய்த்துண்டு பொருத்துவார், ஒருவர் உப்புத்தாள் போடுவார், ஒருவர் சாயம், ஒருவர் மெழுகு மெருகு. யாருக்கும் முழு பைப் சொந்தமில்லை. டெய்லரின் சிறப்பு அவர் டன்ஹில்லில் இருந்தது அல்ல. பிரித்துப் பிரித்துச் செய்யப்பட்ட வேலையை மறுபடி ஒரே தலைக்குள் சேர்த்தது. கட்டை தேர்வதிலிருந்து முத்திரை குத்துவது வரை ஒரே ஆளின் தீர்மானம். வாய்த்துண்டுக்கான பொருளைக்கூட அப்படியே விடவில்லை. எபோனைட் பல்லுக்கு இதம், ஆனால் வெயில் பட்டால் கந்தகம் மேலே வந்து பச்சை பூக்கும். அக்ரிலிக் பளபளப்புக் குறையாது, ஆனால் பல்லுக்குக் கடினம். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைப் பிடித்து அதற்கு ‘ஆஷ்டனைட்’ என்று பெயர் வைத்தார். தொழிற்சாலையில் இருந்திருந்தால் அந்த யோசனை மேஸ்திரி மேசையோடு நின்றிருக்கும்.

#16 — மட்டுறுத்துநர்

புகையிலை எங்கே கிடைக்கும், பைப் விற்பனைக்கு இருக்கிறது என்ற வகையில் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். வேலைப்பாடு பற்றிப் பேசுங்கள், வியாபாரம் வேண்டாம்.

#17 — லண்டன் அகிலன்

இழையைப் படித்துவிட்டுச் சனிக்கிழமை போர்ட்டபெல்லோ சாலைப் பழம்பொருள் சந்தைக்குப் போனேன். ஒரு தட்டு நிறைய பழைய பைப்புகள். டன்ஹில் முத்திரை இருந்ததற்கு விற்பவர் சொன்ன விலையைக் கேட்டுக் கையை எடுத்துவிட்டேன். பக்கத்தில் ‘பார்க்கர்’ என்று ஒன்று, அதே வடிவம், சல்லிசான விலை. தண்டில் வெள்ளிப் பூண் போட்டிருக்கிறது, அதில் சிறு முத்திரைகள். வாய்த்துண்டு மட்டும் மஞ்சளும் பச்சையுமாகக் கிடக்கிறது. யார் இந்தப் பார்க்கர்? வாங்கியது சரிதானா?

#18 — சாந்தா விசுவநாதன்

தம்பி, இந்த இழைக்கே ஏற்ற பொருளை வாங்கி வந்திருக்கிறீர்கள். பார்க்கர் 1920களில் டன்ஹில் தனியாகத் தொடங்கிய நிறுவனம். தரச் சோதனையில் கழித்த கிண்ணங்களை வெள்ளைப் புள்ளி இல்லாமல், வேறு பெயரில், குறைந்த விலைக்கு விற்க ஒரு வழி. கிண்ணத்தில் எங்காவது ஒரு மணல்குழி இருக்கும், பாருங்கள். அந்தக் குழி கடைந்தவர் பிழை இல்லை, கட்டைக்குள் இருந்தது. வெட்டித் திறக்கும்வரை யாருக்கும் தெரியாது. அதுவரை போட்ட உழைப்பு அதே உழைப்பு.

#19 — நெடுஞ்செழியன் ம.

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், வேறு முடிவோடு. அந்த ஒரு குழிக்காகத் தன் பெயரை எடுத்துவிட்டு விற்றார்களே, அதுதான் டன்ஹில்.

#20 — கடைசல்காரன்

உங்கள் இருவரையும் ஒரே பைப்பில் சேர்த்துவைத்த பெருமை அகிலனுக்கே.

அகிலன், பூணில் உள்ள முத்திரைகளை உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். நடக்கும் சிங்கம் இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு தூய வெள்ளி. சிறுத்தைத் தலை இருந்தால் லண்டனில் சோதித்தது, நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் சோதித்தது. கூடவே ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அதுதான் ஆண்டு. எழுத்தின் வடிவமும் அதைச் சுற்றிய கட்டத்தின் வடிவமும் சுழற்சிக்குச் சுழற்சி மாறும் என்பதால் இரண்டையும் தெளிவாகப் படம் எடுத்துப் போடுங்கள். பூணைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம், முத்திரை மழுங்கிவிடும். தண்டில் மரத்தின்மேல் உள்ள எழுத்துகளையும் சேர்த்து எடுங்கள். இங்கிலாந்து என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சிறு எண் ஏதாவது உயர்த்திப் பதித்திருந்தால் அதையும் விடாதீர்கள். டன்ஹில் அந்த எண்ணைக் கொண்டுதான் ஆண்டைக் குறித்தது, பார்க்கரிலும் அந்த வழக்கத்தைப் பார்க்கலாம்.

வாய்த்துண்டின் பச்சையைப் போக்கச் சிலர் வெந்நீரில் போடுவார்கள். போட்டால் வளைவு நிமிர்ந்துவிடும், பச்சையும் கூடும். நுண்மையான உப்புத்தாளை ஈரப்படுத்தி, நீளவாக்கில், அழுத்தாமல் தேயுங்கள். பல்தடம் பதியும் விளிம்பில் கைவைக்காதீர்கள், அங்கே தேய்ந்தால் திரும்ப வராது.

#21 — லண்டன் அகிலன்

சிங்கமும் சிறுத்தைத் தலையும் தெரிகின்றன. எழுத்து பாதி தேய்ந்திருக்கிறது, ‘எம்’ போலவும் ‘என்’ போலவும் இருக்கிறது. குழியையும் கண்டுபிடித்துவிட்டேன், தண்டின் அடியில், கடுகில் பாதி. பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து நாளை போடுகிறேன்.

#22 — தச்சன்விளை

கடுகில் பாதிக்குப் போய்க் கழித்தார்களா? எங்கள் பட்டறையில் அந்த அளவுகோலை வைத்தால் வீட்டில் அடுப்பு எரியாது. படத்தைப் போடுங்கள் தம்பி, துளை நடுவில் திறக்கிறதா என்று நானும் பார்க்கிறேன்.